வெந்நீர்ப் பையை நான்கு வருடம் வென்றவர்

வில்ஃப் ஹோல்ட்டுக்கு அறுபத்தெட்டு வயது. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் முப்பத்தைந்து வருடம் தபால் கொடுத்தவர். நாய்கள் கடித்ததையெல்லாம் மறந்துவிட்டார். மழைக்காக ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காததை மட்டும் மறக்கவில்லை. மற்றவர்களையும் மறக்க விடவில்லை.

ஓய்வு பெற்றபின் அந்த வீரத்துக்கு ஒரு களம் கிடைத்தது. வார நாட்களில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அவர் டோமினோ ஆடும் கிளப்பில் வருடாவருடம் ஒரு போட்டி: குளிர் வந்தபின் வீட்டைச் சூடாக்கும் பாய்லரைக் கடைசியாகப் போடுவது யார்? அக்டோபரிலேயே போடுகிறவன் சோப்ளாங்கி. கடைசிவரை தாக்குப்பிடிப்பவருக்கு ஒரு பழைய வெந்நீர்ப் பை பரிசு. நான்கு வருடமாக அது வில்ஃப் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. தன் வீட்டுக் கல் சுவர்கள் அப்படி, குளிரை உள்ளே விடாது என்று அவர் விளக்குவார்.

இந்த வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற க்ளைவ் மறித்தார். “நாலு வருஷமா நீயேதான் ஜெயிக்கிற. உன் வாயைத் தவிர வேற என்ன அத்தாட்சி?”

வில்ஃபுக்குச் சுருக்கென்றது. போனிலிருந்தே பாய்லரை இயக்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வைக்கச் சொல்லி மகள் ஜில் ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். போனைத் தடவிக் குளிர்காய வேண்டுமா என்று கேலி செய்தவர், பாய்லர் எரிந்த நேரத்தையெல்லாம் அது குறித்துவைக்கும் என்று தெரிந்ததும் தானே ஃபிட்டரைக் கூப்பிட்டார்.

“நமக்கு எதுக்கு அதெல்லாம்? பழசு நல்லாத்தானே இருக்கு” என்றாள் மனைவி ஐரீன். வேலையாட்களுக்கு எப்போதும் இரண்டு பிஸ்கட் தருபவள், அன்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். ஃபிட்டர் பழைய திருகியைக் கழற்றிப் புது வட்டக் கருவியை மாட்டினார். போன் இல்லாமல் கையால் திருப்பினாலும் வேலை செய்யும் என்று அவளிடம் சொன்னார். அப்புறம்தான் இரண்டாவது பிஸ்கட் வந்தது.

நவம்பர் இரண்டாவது வெள்ளி. மற்றவர்கள் எல்லாரும் தோற்றுவிட்டார்கள். மிச்சம் வில்ஃபும் க்ளைவும்தான். வில்ஃப் பையையும் எடுத்துக்கொண்டுதான் கிளப்புக்குப் போனார். போனைத் திறந்து மேஜையில் வைத்தார். க்ளைவ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“திங்கள், பத்தேகால்ல இருந்து பதினொன்னே முக்கால் வரைக்கும் இருபத்தோரு டிகிரி. செவ்வாய் அதே. புதனும் அதே. சனி, ஞாயிறு மட்டும் ஒண்ணுமில்ல.”

சனியும் ஞாயிறும் வில்ஃப் வீட்டில் இருக்கும் நாட்கள். அவர் உடனே வீட்டிலிருந்த ஐரீனுக்குப் போன் போட்டார். பாய்லரைப் போட்டது யார்?

“நான்தான். நாலு வருஷமா” என்றாள் அவள், சாவகாசமாக. “தெனம் நனைஞ்சு வந்து கழட்டிப் போடுறியே காற்சட்டை, அது மறுநாளே மொறுமொறுன்னு எப்படிக் காயுதுன்னு நெனச்ச? கல் சுவராலயா?”

வில்ஃப் வெந்நீர்ப் பையை எடுத்து க்ளைவ் பக்கம் தள்ளினார்.

க்ளைவ் அதை மடியில் வைத்துக்கொண்டார். “அடுத்த வாரமே எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு மாட்டுறேன். எங்கள்ட்ட ஒளிக்க ஒண்ணுமில்லப்பா.”

வெள்ளிக்கிழமைகளில் கிளப்பில் தேநீர் போடுவது க்ளைவின் மனைவி பேட். அவள் கையில் கரண்டி நின்றது.

“நமக்கு எதுக்கு க்ளைவ் அதெல்லாம்? பழசு நல்லாத்தானே இருக்கு.”

வில்ஃப் அவளைப் பார்த்தார். அவள் தேநீர்க் கெண்டிக்குள் பார்த்தாள்.

“கண்டிப்பா மாட்டு, க்ளைவ்” என்றார் வில்ஃப். ஃபிட்டரின் எண்ணை ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, பையின் மேலேயே வைத்தார்.