மாதப்பனின் நெஞ்சுச் சூடு

மாதப்பனைப் போல வீம்பு பிடித்த மனிதரை நான் ஏற்காட்டில் பார்த்ததில்லை. கொஞ்சம் காப்பித் தோட்டமும் சாமைக் காடும் வைத்திருந்தார். அவர் வாயைத் திறந்தால் ஒண்டிக்கடை முக்கு முழுக்கக் கேட்கும். எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தால், நர்ஸான என்னோடு ஒரு சண்டையாவது போடாமல் திரும்ப மாட்டார். அந்த மனிதரைத்தான் இன்றைக்கும் மெச்சிக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூற்று நான்கு கோடையில் அவர் மனைவி கண்ணாயிக்கு மாதம் முடியாமலே பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை, என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. கண்ணாயிக்கு ரத்தம் நிற்கவில்லை, நினைவும் இல்லை. மழையில் மலைப்பாதை சரிந்து சேலத்துக்கு வண்டி போக வழியில்லை. கரண்டும் போய்விட்டதால் குழந்தைக்குச் சூடு கொடுக்கும் பெட்டி சும்மா கிடந்தது. பிஞ்சுக் கால்கள் என் கையிலேயே சில்லிட்டுக்கொண்டிருந்தன.

"அவங்கப்பா நெஞ்சுல போடுங்க, மேரி," என்றார் டாக்டர் தேவகுமாரி.

இந்த நேரத்தில் வேடிக்கையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் டாக்டரம்மா வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கொலம்பியா நாட்டில் பெட்டி போதாமல், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில் கட்டிவைத்துக் காப்பாற்றினார்களாம். பிறகு அளந்து பார்த்தவர்களுக்கே ஆச்சரியம். குழந்தை குளிர்ந்தால் தாயின் மார்பு தானாகச் சூடேறுகிறது; போதுமென்றால் தணிகிறது. குழந்தையின் மூச்சும் இதயத் துடிப்பும்கூடச் சீராகின்றன. தகப்பன் நெஞ்சும் சூடு கொடுக்குமாம். நர்ஸ் படிப்பில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. நானே சுமந்திருப்பேன்; ஆனால் கண்ணாயியைப் பிழைக்கவைக்க டாக்டருக்கு என் இரண்டு கையும் வேண்டியிருந்தது.

மாதப்பனோ வாசலுக்கு வெளியே மழையில் நின்றார். ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார். கட்டியவர் பிரசவத் தீட்டுப் பக்கமே வரக் கூடாது. எங்கள் மலையில் தேரை இழுப்பதில்லை, தோளில்தான் சுமப்பார்கள். அதை முதல் தோளில் தூக்கும் உரிமைக்காகப் பங்காளிகளோடு பல வருஷம் மல்லுக்கட்டி, அந்த வருஷம்தான் ஜெயித்திருந்தார்.

"உள்ள வாங்க! நேரம் போச்சுன்னா பிள்ளை போயிடும்!" என்று கத்தினேன்.

கூட நின்ற பங்காளி கந்தசாமி அவர் கையைப் பிடித்தார். "காப்ப அறுத்தீன்னா முதல் தோள் உனக்கில்ல மாதப்பா. ரோசன பண்ணிக்க."

மாதப்பன் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பல்லால் கடித்து அறுத்தார். "ஆத்தாளத் தூக்க ஊரே இருக்குது. இதத் தூக்க என்னைய உட்டா ஆரு இருக்கறா?"

சட்டையைக் கழற்றி, ஈரம் துடைத்து உட்கார்ந்தார். குழந்தையை அவர் நெஞ்சில் குப்புறப் போட்டுக் கம்பளியால் சுற்றினேன். "ஏனுங்க சிஸ்டரு, மூச்சு உடலாங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மழை விடுவதற்குள் அந்தக் கால்கள் வெதுவெதுப்பாகிவிட்டன.

கண்ணாயி பிழைத்தாள். ஆனால் காய்ச்சல் விடாததால் மாதப்பன்தான் தொடர்ந்து சுமந்தார். "பெத்தது கண்ணாயியா, நீங்களா?" என்று வருகிறவர்கள் கேலி செய்தார்கள். அந்த வாய்த்துடுக்கு மனிதரோ கம்பளியை இழுத்துப் பிள்ளையின் காலை மூடிக்கொண்டிருந்தார். சொட்டுச் சொட்டாகப் பால் ஊற்றினோம். குழந்தை தானாகச் சப்பினால்தான் தைரியம் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா.

தேர் கிளம்பிய அன்று மேளச் சத்தம் எங்கள் ஜன்னல் வரை வந்தது. முதல் தோள் கந்தசாமிக்குப் போயிருந்தது. மாதப்பன் கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. இரண்டு கையும் குழந்தைமேல் இருந்தன. நான் மருந்து எடுக்கப் போய்விட்டேன்.

"சிஸ்டரு! ஓடியாங்க!"

பதறி ஓடினேன். குழந்தை தலையை ஆட்டி ஆட்டி, அந்த மயிரடர்ந்த நெஞ்சில் வாயால் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"இது எங்கிட்டப் பால் தேடுதுங்க! எங்கிட்ட ஏது சாமி?"

அன்று காலையில்தான் கண்ணாயிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. குழந்தையை அவள் மார்பில் வைத்தேன். கப்பென்று பிடித்துக்கொண்டது.

மாதப்பன் நெஞ்சில் குழந்தையின் எச்சில் ஈரமாக இருந்தது. துடைக்கத் துண்டை நீட்டினேன்.

"இருக்கட்டுமுங்க," என்றார்.