பசை போடாத அலமாரி

கருகிய மரத்தின் வாசனை எனக்கு இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையின் வாசனைதான். அப்பா மரம் குடைகிற மிஷினைப் பயந்து பயந்து நகர்த்துவார், அதில் சுற்றுகிற வெட்டுமுனையான "பிட்" ஒரே இடத்தில் நின்று தேய்ந்து மரத்தைச் சுட்டுவிடும். பெங்களூர் ஜோகுபாளையத்தில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீடு முழுக்கப் புகை, தூள், காதைப் பிளக்கும் சத்தம், அடுப்பில் கொதிக்கிற குழம்பிலும் ஒரு கை மரத்தூள். "மசாலா போதாதுன்னு இதையும் போடுறீங்களா?" என்று அம்மா கத்துவாள். அப்பாவுக்குக் காதில் விழாது, அல்லது விழாத மாதிரி இருந்துகொள்வார்.

அப்பா கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தை மூடியதும் எங்களைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் வந்து, ஒரு பிளைவுட் கடையில் பலகை தூக்கும் வேலையில் சேர்ந்தார். அம்மா கார்மெண்ட்ஸில் தையல் மிஷினுக்குப் போனாள். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. வந்து இரண்டு வருஷம் ஆகியும் என் புத்தகங்கள் டிரங்குப் பெட்டியில்தான் கிடந்தன. சுவரில் அலமாரி மாட்டலாம் என்றால், வீட்டுக்கார அம்மா "கோடெகெ மொளெ ஹொடீபேடி" என்று வாசலில் நின்றே கன்னடத்தில் எச்சரிப்பார், ஆணி அடித்தால் அவர் சுவர் பாழாகிவிடுமாம். போகட்டும், தரையில் நிற்கிற அலமாரியாகச் செய்துவிடுவோம் என்று அப்பா கடையில் மிஞ்சிய பலகைகளைக் கேட்டு வாங்கி வந்தார். பக்கத்துப் பட்டறை பாய், மரத்தில் பள்ளம் எடுக்கிற தன் ரவுட்டர் மிஷினை ஞாயிறுதோறும் கொடுத்து உதவினார்.

பலகையோடு பலகையை எப்படிச் சேர்ப்பது? பட்டறையில் "டவ்டெயில்" மூட்டு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார் அப்பா. விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு நிற்கிற அந்த அழகில் மயங்கிப்போய் அதையே செய்யப்போவதாக அடம்பிடித்தார். "அரே, மொதல் தபா மிஷின் பிடிக்கிறே, அது வேணாம்பா. நேரா போற காடி எடு, போதும்" என்று பாய்தான் தடுத்தார். காடி என்பது பலகையின் குறுக்கே எடுக்கிற நேரான பள்ளம். தட்டின் விளிம்பு அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேல் தட்டுக்கும் அடித் தட்டுக்கும் மட்டும் அப்பா தன் யோசனை ஒன்றைச் சேர்த்தார். தட்டின் நாக்கு பக்கப் பலகையைத் துளைத்து வெளியே நீளும், நீண்ட நாக்கில் ஓர் ஆப்பு. அதைத் தட்டினால் அலமாரி இறுகும். பிடுங்கினால் எல்லாம் பலகை பலகையாகக் கழன்றுவிடும்.

காடிக்குக் கோடு போட்டவள் அம்மா. தையல்காரி கையில் சாக்பீஸ், கோடு நேராகத்தான் விழுந்தது. ஆனால் பழக்க தோஷம், துணிக்கு விடுகிற மாதிரி இரண்டு பக்கமும் கொஞ்சம் தாராளமாக விட்டுவிட்டாள்! தட்டைச் செருகினால் விழப்போகிற பால் பல் மாதிரி ஆடுகிறது.

"லூஸ் விட்டாதானேங்க அப்புறம் பிடிச்சுக்கலாம்?"

"மரத்தை எங்கடி பிடிக்கிறது? ஊசி நூல் எடுத்துக் குடு, பிடிக்கிறேன்" என்று அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அம்மாவுக்கும் சிரிப்புத்தான். "சரி, பசையை ஊத்துங்க, கெட்டியா நிக்கும்."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "பசை வெச்சா கழட்ட முடியாது."

"இன்னாத்துக்குக் கழட்டணும்?"

"மைன்ஸ் தொறந்ததும் ரயில்ல ஏத்த வேணாமா?"

"வந்த நாள்லேர்ந்து இதையேதான் சொல்றீங்க. பொண்ணு பொட்டிக்குள்ள தலையை விட்டுத் தேடித் தேடிப் படிக்குது. இதான் நம்ம வீடுன்னு ஒரு நாளாவது நெனைக்க விடுங்களேன்."

அலமாரி பசையில்லாமல் ஆடிக்கொண்டே மூலையில் நின்றது, நானும் என் புத்தகங்களை அதில் அடுக்கினேன். உண்மையில் நான் அப்பா கட்சி. சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் "லைன் வீடு", சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டில் சாக்கை விரித்துச் சறுக்கிய சாயங்காலங்கள், ஷிப்டுக்கு ஊதுகிற சங்கு, எல்லாம் அப்படியே எனக்காகக் காத்திருக்கின்றன, ஆப்பைப் பிடுங்கினால் போய்விடலாம் என்று அந்த வயதில் முழுசாக நம்பினேன்.

மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் விசாரித்துவிட்டு வருவார் அப்பா. அப்படிப் போன ஒரு ஞாயிறு, சாயங்கால ரயிலில் திரும்பி வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றார். "தண்ணி எறைக்கிற பம்பை நிறுத்திட்டாங்களாம். உள்ள தண்ணி ஏறிட்டே வருதாம்" என்றார். அவ்வளவுதான். பூமிக்கு அடியில் அத்தனை வருஷம் வேலை பார்த்த மனிதருக்கு, தண்ணீர் ஏறிய சுரங்கம் இனித் திறக்காது என்று வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு என் புத்தகங்களை இறக்கி வைத்தார். ஆப்புகளைப் பிடுங்கி, அம்மா வாங்கி வைத்திருந்த வெள்ளைப் பசையைக் காடிகளில் நிரப்பி, தட்டுகளை மறுபடி செருகினார். இறுக்கிக் கட்டக் கயிறு இல்லை, அம்மாவின் பழைய புடவைகளைக் கேட்டார்.

"வேணாங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா. பசைக்காகச் சண்டை போட்டவளே அவள்தான்.

"அந்த முனையைப் பிடி. இழு."

இழுத்தாள். இழுக்கும்போதே அழுதாள். மறுநாள் பசை காய்ந்ததும், வெளியே நீண்டிருந்த நாக்குகளை அப்பா ரம்பத்தால் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார். அதன் பிறகு அலமாரி ஆடவே இல்லை.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. ஜோகுபாளையத்து வீடு இருந்த இடத்தில் நாலு மாடி எழும்பிவிட்டது. இப்போது வைட்ஃபீல்டில் எங்களுக்குச் சொந்த ஃபிளாட், எந்தச் சுவரில் வேண்டுமானாலும் ஆணி அடிக்கலாம், கேட்பதற்கு ஆளில்லை. அலமாரி லிஃப்டில் நுழையாததால் படி வழியாகத் தூக்கி வந்தோம், ஹாலில் நிற்கிறது. என் பிள்ளைகளை எந்த ஊர் என்று கேட்டால் யோசிக்காமல் பெங்களூர் என்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. ஊருக்குத் திரும்பிப் போகப்போகிறோம் என்ற பேச்சே எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டது. அந்தப் பேச்சுக்காக நான் ஏங்குகிறேன், ஊருக்காகக்கூட அவ்வளவு இல்லை.

போன வாரம் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "ஆடினா ஆடிட்டுப் போவுதுன்னு உட்டிருக்கலாம்டி. பசை வாங்கி வெச்சது நான்தானே. அதைக் கையில எடுத்த அன்னையிலேர்ந்து அந்த மனுஷன் ரயில் சத்தம் கேட்டா தலையைத் தூக்கிக்கூடப் பாக்கல."