கண் லென்சில் இல்லாத படங்கள்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிற பயலுக்கு எழுத்து எதற்கு என்று சிரிப்பீர்கள், சிரியுங்கள். எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கையெல்லாம் கிடையாது. கொல்லிமலைக்குச் சுற்றிப்பார்க்க வந்தவர்களை மூடுபனிக்குள் ஒளிந்து ஊளையிட்டு ஓடவிட்டவனே நான்தான்.

போன ஐப்பசியில் மலைமேல் தேவனூர் நாட்டில் கவிதா அக்காவின் கல்யாணப் பேனருக்குப் படம் எடுத்தோம். மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் அக்காவை உட்காரவைத்து, கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, அதன் பின்னால் நான் நின்றேன். கூட்டாளி சேகர் ஓரமாக நின்று வெள்ளித் தட்டியால் அக்கா முகத்தில் வெளிச்சம் அடித்தான். அக்கா வெட்கத்தில் தலையே நிமிரவில்லை. "மாப்ள இந்த லென்சுக்குள்ளதான் உக்காந்திருக்காருன்னு நெனச்சுப் பாருங்கக்கா" என்றேன். அதற்கப்புறம் நேராகத்தான் பார்த்தார், நானே பார்த்தேன்.

சாயங்காலம் அடிவாரத்து ஸ்டுடியோவில் தேறாத படங்களைக் கழிக்க உட்கார்ந்தேன். விடிந்தால் பேனர் அச்சுக்குப் போகணும், ஒரு படமாவது தேறாவிட்டால் முதலாளி வேலையை விட்டே துரத்திவிடுவார், ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளையைத் தலையில்லாமல் எடுத்த பெருமை எனக்கு உண்டு. கண் லென்சைப் பார்க்கவில்லை என்றால் அந்தப் படத்தைக் கழித்துவிடுவோம், அதுதான் வழக்கம். முதல் படத்தில் அக்கா இடது பக்கம் எங்கேயோ தூரத்தில் பார்க்கிறார். கழித்தேன். அடுத்ததும் அப்படியே. கழிக்கக் கழிக்க, கடைசிப் படம் ஒன்றுதான் மிஞ்சியது.

சரி, கழித்ததில் இன்னொன்றாவது தேறுமா என்று எல்லாவற்றையும் வரிசையாக, வேகமாக ஓட்டினேன். நம்பினால் நம்புங்கள், அக்காவின் பார்வை நகர்ந்தது. தோட்டத்துக் கோடியிலிருந்து மெதுவாக நடந்துவருகிற ஒரு ஆளைப் பார்ப்பதுபோல, படத்துக்குப் படம் கிட்டே, அப்புறம் என் முதுகுக்குப் பின்னால், அப்புறம் என் தோள்மேல். கடைசிப் படத்தில் மட்டும் நேராக லென்சுக்குள். அப்படியொரு சிரிப்பு.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால், "நீ கூப்புட்ட பக்கமெல்லாந்தான பார்த்தேன் கண்ணு, ஏன், நல்லா வரலியா?" என்கிறார்.

நான் நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை. கூப்பிடவும் இல்லை.

தேறியது அந்தக் கடைசிப் படம்தான், அதையே அச்சுக்குக் கொடுத்தேன். முதலாளி முதுகில் தட்டினார், துள்ளிவிட்டேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்தப் பேனரை இப்போது ரோட்டோரத்தில் ஒரு கொட்டகைக்கு மறைப்பாகக் கட்டியிருக்கிறார்கள். பைக்கில் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்வேன். அக்கா அப்படிச் சிரித்தது என்னைப் பார்த்து இல்லை, அது மட்டும் தெரியும்.

எழுதியதைச் சேகருக்கு அனுப்பினேன், கிண்டல் அடிப்பான், கொஞ்சம் பயம் தெளியும் என்று. ஒரே வரிதான் வந்தது:

"கடைசிப் படத்துக்கு நீ கேமராவ உட்டுத் தள்ளி நின்னு எடம் உட்டியேடா, அது யாருக்குடா?"