பாலேந்திராவின் அறுபத்திரண்டு தோல்விகள்

பாலேந்திரா இறந்த மூன்றாம் கிழமை, அவருடைய கால்பந்துக் கழகத்தின் செயலாளர் வாமதேவன் கல்வெட்டுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். முப்பத்தோராம் நாள் வருகிறவர்களின் கையில் கொடுக்கும் புத்தகம் அது. தேவாரம், குடும்ப மரம், நன்றியுரை எல்லாம் தயார். வாமதேவனின் பக்கத்துக்குத் தலைப்பு: 'தோல்வியே அறியாத தலைவன்.'

மகள் ஜதுர்ஷிகா அதை இரண்டு தரம் வாசித்தாள். ரயில் சிக்னல் பொறியியலாளர். ஒன்பது வயதிலிருந்து அப்பாவின் ஆட்டங்களைக் குறித்து வைத்தவள். இருபத்தொரு கோடை, நூற்று மூன்று ஆட்டம், அறுபத்திரண்டு தோல்வி. கிண்ணம் இல்லை. லண்டனில் தோல்வியோடு அவரளவுக்கு நெருங்கிப் பழகிய தமிழர் வேறொருவர் இருந்திருக்க மாட்டார்.

ஆட்டம் தெரியாதவர் அல்ல. நடுவில் நின்று பந்தை யாருக்கு, எப்போது கொடுப்பது என்று தீர்மானிப்பவர் அவர்தான். பிரச்சினை வேறு. 'வந்தவன் விளையாடுவான்' என்பது அவருடைய சட்டம். இரவு வேலை முடித்து, தூங்காமல் மைதானத்துக்கு வந்த சுந்தரராஜனையும் இரண்டாம் பாதியில் இறக்குவார். சுந்தரராஜன் காவல் நின்றபடியே கண்ணயர்வார். எதிரணி அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கோல் போடும்.

ஒருமுறை கிண்ணம் வீடு தேடி வந்தது. இறுதியாட்டத்துக்கு லெஸ்டரிலிருந்து வரவேண்டிய அணி நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டது. நடுவர் வெற்றியை அறிவித்துவிட்டார். வந்துகொண்டிருக்கிற ஆட்களை எப்படி வராதவர்கள் என்பது என்று பாலேந்திரா எல்லோரையும் ஒன்றரை மணித்தியாலம் காக்க வைத்தார். அவர்கள் வந்தார்கள். நாலுக்குப் பூச்சியம் என்று வென்றார்கள். மட்டன் ரோல்ஸும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வென்றால், "பெடியள் வெண்டவங்கள்" என்பார். தோற்றால், "நான் பிழையாக் குடுத்திட்டன்." கால் முறிந்து கோட்டுக்கு வெளியே கதிரையில் இருந்த வருடமும் அதையே சொன்னார். அறுபத்திரண்டு பழுதுக்கும் ஒரே சிக்னல் பெட்டிதான் காரணம் என்று ஜதுர்ஷிகா அலுவலகத்தில் அறிக்கை கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இருபத்தாறு வயதில் அவள் ஓர் அட்டவணை போட்டுக் காட்டினாள். சுந்தரராஜன் இறங்கினால் எத்தனை கோல் வாங்குகிறோம், இறங்காவிட்டால் எத்தனை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார். அடுத்த ஞாயிறு சுந்தரராஜனை இறக்கினார்.

இப்போது அவள் தொலைபேசியில் வாமதேவனிடம் பக்கத்தை மாற்றப்போவதாகச் சொன்னாள்.

"செத்த மனுசனைத் தோத்தவர் எண்டு ஆர் பிள்ளை அச்சடிக்கிறது?"

"தோத்தவர்தானே, மாமா."

அம்மா நகுலேஸ்வரியும் வாமதேவன் பக்கம். "என்ரை மனுசன் புத்தகத்திலயாவது ஒருக்கா வெல்லட்டுமன்."

ஆனால் வாமதேவன் எழுதிய ஏழாம் பக்கத்தில் யாரோ ஒரு வேற்று மனிதர் இருந்தார். அப்பாவை இரண்டாம் தரமும் இழக்க அவளால் முடியாது. ரெய்னர்ஸ் லேன் அச்சகத்துக்குக் கோப்பு அவளிடமிருந்துதான் போகவேண்டும். திகதி, எதிரணி, கோல், காரணம் என்று நாலு நிரல் போட்டு அறுபத்திரண்டு வரியையும் பொடி எழுத்தில் அடுக்கி அனுப்பினாள். காரணம் என்ற நிரலில் அவர் சொன்னதையே போட்டாள். மேலிருந்து கீழ்வரை: பாலேந்திரா, பாலேந்திரா, பாலேந்திரா.

முப்பத்தோராம் நாள் வெம்பிளி மண்டபத்தில் சாப்பாடு முடிந்து புத்தகம் விரிந்தது. கழகத்து மேசையில் எல்லோரும் ஏழாம் பக்கத்தைப் பிரித்தார்கள். தலைகுனிவு என்று வாமதேவன் முணுமுணுத்தார். ஜதுர்ஷிகா வசவுக்குத் தயாராக அந்த மேசைக்குப் போனாள்.

சுந்தரராஜன் ஒரு வரியில் விரலை வைத்திருந்தார். "இது பிழை, பிள்ளை. அந்த அரையிறுதி அண்ணையால தோற்கேல்லை. நான்தான் நித்திரை."

பேனை வாங்கி, பாலேந்திராவை வெட்டித் தன் பெயரை எழுதினார். பேனை கை மாறியது. ஒருவர் தவறவிட்ட தண்ட உதையை ஒப்புக்கொண்டார். பதினாலாம் ஆண்டுத் தோல்வி ஒன்றுக்கு மூன்று பேர் உரிமை கோரி, குரல் உயர்ந்து, அம்மாவே எட்டிப் பார்த்தாள். இருபத்தொரு வருடத்தில் ஒரு பந்துக்காக அவர்கள் இப்படி அடிபட்டதில்லை. கடைசியில் வாமதேவனும் பேனையை வாங்கி, யாருக்கும் காட்டாமல் எதையோ எழுதினார்.

ஒரு வரியை மட்டும் எவரும் தொடவில்லை. போன ஆவணி, மூன்றுக்குப் பூச்சியம்.

அப்பா கீமோ சிகிச்சைக்குப் பிறகு மடிப்புக் கதிரையில் இருந்தபடி யார் இறங்குவது என்று சொன்ன ஆட்டம். அன்று மட்டும் அவர் மகளின் அட்டவணைப்படி சுந்தரராஜனை இறக்கவில்லை. சுந்தரராஜன் முழு நேரமும் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல் நின்றார். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "பிழையாச் சொல்லிட்டன்" என்றார். கார் ஓட்டிக்கொண்டிருந்த அவள் வாய் திறக்கவில்லை.

"இதுக்கு ஆர்?" என்று சுந்தரராஜன் கேட்டார்.

அவள் பேனையை வாங்கினாள். அப்பாவின் பெயரை அளவுகோல் வைத்ததுபோல நேராக வெட்டி, பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.