சாமி அறையில் வைத்த காபிக் கொட்டை

எனக்கு மூக்கு வேலை செய்யாது. கோவிட் வந்துவிட்டுப் போனபோது வாசத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாக்கில் ருசி பாதி திரும்பியது, வாசம் வரவே இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. முதலில், தானாகச் சரியாகிவிடும் என்று இருந்தேன். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று இருந்தேன். இந்த லட்சணத்தில் நான் ஆரம்பித்த தொழில் காபிக் கொட்டை வியாபாரம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

சுங்கை வேயில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்த ஃபேக்டரியை இழுத்து மூடிவிட்டார்கள். இன்னொரு ஃபேக்டரிக்குப் போய் ஷிஃப்டுக்கு நிற்க உடம்பிலும் தெம்பில்லை, மனசிலும் இல்லை. ரவாங்கில் காபிக் கொட்டை வறுத்து விற்கும் சீன முதலாளி ஒருவர், எங்கள் ஊர்ப் பேச்சில் தவுக்கே, பழக்கமானார். அவரிடம் வியாழக்கிழமை வாங்கி, கிள்ளானில் எங்கள் வீட்டில் பாக்கெட் போட்டு, திங்கட்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. முதல் தடவை மாதிரிக்கென்று ரவாங்கிலிருந்து நேராகவே கொண்டுபோனேன். கடை முதலாளி ஒரு டம்ளர் குடித்துவிட்டு, வாரா வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அந்த ஒரு கடை நிலைத்தால்தான் அடுத்த கடை வாசலில் போய் நிற்க எனக்கு முகம் இருக்கும். இல்லையென்றால் திரும்பவும் ஷிஃப்டுதான்.

கொட்டையை எப்படி வைப்பது என்பதில்தான் மண்டை காய்ந்தது. காற்றே படக்கூடாது என்றது ஒரு வீடியோ. புதிதாக வறுத்த கொட்டை காற்றை வெளியே விடும், உடனே கட்டினால் பை பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும், இரண்டு மூன்று நாள் வாயைத் திறந்து வை என்றார் தவுக்கே. ஃப்ரிட்ஜில் வை என்றார் பக்கத்து வீட்டு ஆன்டி. அவர் பேச்சைக் கேட்டு அரை கிலோ வைத்துப் பார்த்தேன். வெளியே எடுத்ததும் கொட்டைக்கெல்லாம் வேர்த்துவிட்டது. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே, வறுத்தவர் சொல்வதையே கேட்போம் என்று முடிவு செய்தேன்.

சரி, வாயைத் திறந்து எங்கே வைப்பது? அடுப்படியில் முடியாது, வீட்டுக்காரர் சனி ஞாயிறில் நெத்திலி சம்பால் கிளறுகிற இடம் அது. ஹாலில் மத்தியானம் முழுக்க வெயில். படுக்கையறையில் அவருடைய முட்டிவலித் தைலம். காபிக் கொட்டை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று எல்லா வீடியோவும் சொல்லியிருந்தது, அதில் மட்டும் சண்டையில்லை. வீட்டில் மீன் போகாத, வெயில் படாத, எப்போதும் துடைத்துச் சுத்தமாக இருக்கிற இடம் ஒன்றுதான். சாமி அறை. புதுத் தொழில், சாமி பார்வையில் இருப்பதும் நல்லதுதானே என்று மூட்டையை அங்கேயே வாயைத் திறந்து வைத்தேன். என்ன ஒரு புத்திசாலித்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அந்தக் கொட்டை போன மறுநாளே முதலாளி கடைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"மொதல்ல குடுத்த மாதிரி இல்லலா. ஏதோ ஒரு வாசம் வருது. கஸ்டமர் ரெண்டு பேரு கேட்டுட்டாங்க."

"என்ன வாசம் அங்கிள்?"

"அதான் சொல்லத் தெரியல. நீங்களே மோந்து பாருங்க." டம்ளரை என் மூக்கருகில் கொண்டுவந்தார்.

மோந்தேன். வெந்நீர் ஆவி மூக்கில் சூடாகப் பட்டது, அவ்வளவுதான். "ஆமா அங்கிள், லேசா வருது," என்றேன்.

"அடுத்த வாரமும் இப்படின்னா பழைய ஆளுகிட்டயே போயிருவேன். கோவிச்சுக்காதீங்க."

ரயிலில் கிள்ளான் வரும்வரை எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என்ன வாசம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு வாசமே தெரியவில்லை. தவுக்கேவுக்குப் போன் செய்தேன். தான் வறுத்ததில் குறையில்லை, நீதான் போதிய காற்று விடவில்லை என்றார். சரி என்று அந்த வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வாயை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தேன். சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று காலையிலும் ஒரு பிடி அரைத்துக் காபி போட்டு, வீட்டுக்காரர் முன்னால் டம்ளரைத் தூக்கி மோந்து, "இன்னிக்கு வாசம் சூப்பரா இருக்குல்ல?" என்பேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆமாமா, நல்லாத்தான் இருக்கு," என்பார். அவர் மூக்கை நம்பித்தான் மூட்டையைக் கட்டினேன்.

திங்கட்கிழமை முதலாளி பையைத் தொடவில்லை, காபி மாஸ்டரிடம் நீட்டிவிட்டார். மாஸ்டர் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், அதிகம் பேசமாட்டார். பையைப் பிரித்து முகத்தை உள்ளே விட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அக்கா, இத சாமி ரூம்லயா வெச்சிருந்தீங்க?"

"ஆமா, ஏன்?"

"வெள்ளிக்கிழம சாம்பிராணி போட்டிருக்கீங்க. சூடமும் இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுகிறேன். தூபக்காலைக் கடைசியில் கொண்டுபோய் வைப்பது அந்த அறையில்தான். புகையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். புகைக்கு வாசம் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, இந்த வாரம் ரவாங்கிலிருந்து நேராக இங்கே இறக்குங்கள், மாஸ்டர் சரி என்றால் பார்க்கலாம் என்றார். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. பையைத் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"நீங்க மோந்து பாக்கலியாக்கா?"

நான் பையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

வழியெல்லாம் எனக்கு வீட்டுக்காரர் மேல்தான் ஆத்திரம். நல்ல மூக்கை வைத்துக்கொண்டு மூன்று நாளும் சாம்பிராணிக் காபியைக் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்றாரே, இந்த மனுஷனை என்ன செய்வது? செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன்.

"காபியில சாம்பிராணி அடிச்சிருக்கு. ஊரே கண்டுபிடிச்சிருச்சு. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா நீங்க?"

அவர் டிவியை அணைத்தார்.

"எனக்கு அப்படித்தான் அடிச்சிச்சு. ஆனா நீதான் மோந்து பாத்துட்டு வாசம் சூப்பர்னு சொன்னியே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் மூக்குல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். சனிக்கிழமையே கிளினிக்குப் போய்ட்டு வந்தேன். டாக்டர் லைட் அடிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னாரு. எனக்குத்தான் நம்பிக்கை வரல, நானே மருந்து வாங்கி விட்டுக்கிட்டேன்." சட்டைப் பையிலிருந்து மூக்கில் விடும் மருந்தை எடுத்துக் காட்டினார். பாதி காலியாகியிருந்தது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்க மூக்கு நல்லாத்தாங்க இருக்கு. எனக்குத்தான் வாசம் தெரியாது. கோவிட் வந்ததுலேருந்து."

அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்குப் பழக்கம். அவர் கத்தவில்லை. மருந்துக் குப்பியை மூடிக்கொண்டே கேட்டார்.

"வேற எதெல்லாம் எங்கிட்ட நல்லா இருக்குன்னு சும்மா சொன்ன?"

நான் யோசித்துப் பார்த்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.