நூற்று நாற்பத்தெட்டுப் பக்கங்களுக்கு ஒரே குறி

அம்மா போன ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி இறந்தாள். காலை ஆறே முக்கால். மாரடைப்பு. ஆரணியிலிருந்து வேலூருக்குக் கொண்டுபோகும் வழியில், கண்ணமங்கலம் தாண்டியதும். வயது ஐம்பத்தெட்டு. அந்தக் காலையைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை. அவள் செய்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

பெயர் சகாயம்மாள். ஆரணியில் துரைக்கண்ணு என்பவரின் அச்சகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் டிடிபி, அதாவது கணினியில் பக்கம் அமைக்கும் வேலை பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை, பட்டுக் கடைகளின் அட்டைப்பெட்டிக்கு லேபிள், மாதா கோயில் திருவிழா நோட்டீஸ்.

அந்த அச்சகத்தில் புரூஃப் பார்க்க ஒரு முறை இருந்தது. ஒருவர் உரக்கப் படிப்பார். சொற்களை மட்டுமல்ல, குறிகளையும் சேர்த்து. "தடிப்பு ஆரம்பம், உண்ணாமலை, தடிப்பு முடிவு, கமா, அடுத்த வரி." மற்றவர் மூலப் பிரதியில் விரல் வைத்துக்கொண்டே வருவார். ஒருமுறை அப்படிப் படிக்காமல் அவசரத்தில் ஒரு பத்திரிகை போய்விட்டது. மணமகள் பெயர் மணமகன் பெயரைவிட ஒரு சுற்று சிறிது. பெண்ணின் தாய்மாமன் கட்டைவிரல் நகத்தால் இரண்டையும் அளந்து காட்டிச் சண்டைக்கு நின்றார். அறுநூறு பத்திரிகையையும் மறுபடி அடித்தார்கள். எந்த வகைச் சொல்லுக்கு எந்த எழுத்து, எவ்வளவு தடிப்பு என்று எழுதிய சீட்டு ஒன்றை அம்மா தன் மானிட்டர் ஓரத்தில் ஒட்டினாள். அதன் பிறகு அதை மீறி எதுவும் வெளியே போனதில்லை.

2022இல் அச்சகம் ஆட்களைக் குறைத்தது. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஓய்வு நேரத்தில் 'தாள்' என்ற இலவச உரைத்திருத்திக்கு நானும் சில நண்பர்களும் உழைக்கிறோம். எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருள். அதற்கு ஒரு தமிழ்க் கையேடு. இருபத்திரண்டு பாடம், நூற்று நாற்பத்தெட்டுப் பக்கம். பலர் எழுதியது. எழுத்துப்பிழை மட்டும் பார்க்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் போன் செய்தாள்.

"ரீனா, இத எத்தினி பேரு எழுதனீங்க?"

"ஒம்பது பேரும்மா."

"ஒம்பது வீட்டு சமையல ஒரே எலையில போட்ட மாதிரி கீது. அழுத்த வேண்டிய கீய ஒருத்தர் கீ-ன்னு குறி போட்டுக்கீறாரு. ஒருத்தர் வெறும் தடிப்பு. இன்னொருத்தர் மேற்கோள். ஒரு மகராசன் ஒண்ணுமே போடல."

சரிதான். கையேட்டின் மூலக் கோப்பில், படிப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி, ஒவ்வொரு வகைச் சொல்லுக்கும் ஒரு குறி உண்டு: அழுத்தும் விசைக்கு ஒன்று, மெனுவுக்கு ஒன்று, கோப்பின் பெயருக்கு ஒன்று. யாரும் ஒழுங்காகப் பின்பற்றவில்லை. விசைக் குறி போட்டாலும் தடிப்பு போட்டாலும் திரையில் ஒரே மாதிரி தடித்துத் தெரியும். அதனால் எங்களுக்கு உறைக்கவில்லை. அம்மா ஒரு நோட்டில் எண்ணி வைத்தாள். தவறான இடங்கள் ஆயிரத்து நூற்று ஆறு. தினமும் கொஞ்சம் திருத்தினாள். அவசரம் ஏதும் இல்லை. பிழை சொல்ல விரும்புவோருக்காகத் தன் போன் எண்ணைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் போடச் சொன்னாள். "மெயில யாரு தொறந்து பாக்கறாங்க?"

2024 பிப்ரவரி இருபதாம் தேதி அந்த எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது.

"சகாயம்மாளுங்களா? நான் தேவிகாபுரத்துலருந்து சூர்யகலா பேசறேங்க. உங்க புக்கு என் பக்கத்த அழிச்சிடுச்சிங்க."

சூர்யகலாவுக்கு முப்பத்தொன்பது வயது. ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர். கண் அழுத்த நோயால் ஆறு ஆண்டுகளுக்கு முன் பார்வை போய்விட்டது. அண்ணன் வீட்டில் இருக்கிறார். வேலூரில் ஒரு நிறுவனம் தமிழ் ஒலிப்பதிவுகளைத் தட்டச்சு செய்ய ஆள் எடுத்தது. மார்ச் பதினான்காம் தேதி தேர்வு. 'தாள்' மென்பொருளில்தான் செய்ய வேண்டும். கையேட்டைத் திறந்து பார்க்க அனுமதி உண்டு.

திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடர் மூலம் அவர் கையேட்டைக் கேட்டுப் பழகினார். அதில் ஒரு வசதி: ஒரு பொத்தானைத் தட்டினால் விசைக் குறி உள்ள அடுத்த சொல்லுக்குத் தாவும். 'விசை' என்று சொல்லிவிட்டு அதன் பெயரைச் சொல்லும். ஆறாம் பாடத்தில் ஒரு பக்கத்தை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும் பயிற்சி. முழுவதையும் தேர்ந்தெடு, நகலெடு, அழி, ஒட்டு. நகலெடுக்கும் விசைக்கு யாரோ வெறும் தடிப்பு போட்டிருந்தார்கள். தாவல் அதை விட்டுவிட்டது. அவர் தேர்ந்தெடுத்தார், அழித்தார். ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. இரண்டு மணி நேரம் அடித்த பக்கம்.

"பரீட்சையில இப்டி ஆச்சின்னா அவ்ளோதாங்க," என்றார். "அண்ணி நல்லவங்கதான். ஆனா அவங்க கையால காபி வாங்கும்போது கை கூசுது. எனக்குன்னு ஒரு வேல வேணுங்க."

அன்று மதியம் அம்மா எனக்கு வீடியோ அழைப்பில் வந்தாள். கையேட்டை வெளியிடும் பொறுப்பில் இருந்த சுதாகரையும் இணைக்கச் சொன்னாள். புதிய பதிப்பு மார்ச் பத்தாம் தேதி வெளியாக இருந்தது. அதற்குள் எல்லாக் குறிகளையும் சீராக்க வேண்டும் என்றாள்.

சுதாகர் சிரித்தான். "ஆன்ட்டி, ரெண்டுமே ஸ்க்ரீன்ல ஒரே மாதிரிதான் தெரியுது. இதுக்குப் போய் பேஜார் பண்ணிக்காதீங்க. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"கொஞ்சம் கண்ண மூடு தம்பி."

"மூடிட்டேன்."

"பொய். ஒரு கண்ணால பாத்துகினு கீற."

மூடினான். அம்மா சூர்யகலாவையும் அழைப்பில் சேர்த்து, ஸ்க்ரீன் ரீடரில் ஆறாம் பாடத்தை ஓடவிடச் சொன்னாள். விசை, கன்ட்ரோல் ஏ. விசை, டெலீட். விசை, கன்ட்ரோல் வி.

"நடுவுல காப்பி எங்க ஆன்ட்டி?"

"அதத்தான் இந்தப் பொண்ணும் கேக்குது."

மார்ச் பத்துக்குள் பிழை எண்ணிக்கை பூஜ்யமானால் வெளியிடலாம் என்று ஒப்புக்கொண்டான். பிழையை எண்ணிச் சொல்லும் ஒரு நிரலை நான் எழுதிக் கொடுத்தேன். அது விட்டுப்போன குறியைத்தான் காட்டும். தவறான இடத்தில் போட்ட குறியை ஒரு மனிதர்தான் பிடிக்க முடியும். அதற்கு அம்மாவிடம் ஒரு முறை இருந்தது.

மறுநாளிலிருந்து காலை எட்டு மணி முதல் பதினொன்று வரை, இரண்டு போன்களும் ஸ்பீக்கரில். தேவிகாபுரத்தில் ஸ்க்ரீன் ரீடர் குறிகளோடு சேர்த்துப் படிக்கும். ஆரணியில் அம்மா மூலத்தில் விரல் வைத்துப் பார்ப்பாள். அச்சகத்தில் இரண்டு பேர் செய்த அதே வேலை.

"அவன கொஞ்சம் மெதுவா படிக்கச் சொல்லு. கடைசி பஸ்ஸ புடிக்கறவன் மாதிரி ஓடறான்."

"எனக்கு இதுவே ஸ்லோக்கா. உங்களுக்காகத்தான் மாட்டு வண்டி ஓட்டிகினு கீறேன்."

மூன்றாம் நாளே 'ங்க' போய் 'அக்கா' வந்துவிட்டது. சனிக்கிழமை நான் ஊருக்குப் போனபோது அம்மா என்னைப் பேசவிடவில்லை. ஒரு சொல் தன் காதில் விழாமல் போனால் அந்தப் பத்தியை முதலிலிருந்து படிக்க வைத்தாள். சூர்யகலா தேர்வுக்கு வேண்டிய பாடங்களை மட்டும் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். "பாதி பத்திரிகைய யாராவது அச்சடிப்பாங்களா?" என்றாள் அம்மா.

மார்ச் ஒன்பது, சனிக்கிழமை காலை. இருபத்திரண்டாம் பாடம் மட்டும் பாக்கி. அது கையேட்டுக்கு எழுத வருபவர்களுக்கானது. குறிகளை எப்படிப் போடுவது, எப்படிப் போடக் கூடாது என்பதைச் சொல்கிறது. நிரல் அதில் பதினொரு பிழை காட்டியது. அம்மா பதினொன்றையும் கையால் திருத்தினாள். எண்ணிக்கை பூஜ்யம். எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். பிறகு வழக்கம்போல் படிக்கச் சொன்னாள்.

பாதியில் சூர்யகலா நிறுத்தினார்.

"அக்கா, 'இப்படி எழுதாதீர்கள்'னு ஒரு வரி வருது. 'இப்படி எழுதுங்கள்'னு அடுத்த வரி வருது. ரெண்டும் ஒண்ணாவே கீதே?"

அம்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அந்தப் பதினொன்றும் வேண்டுமென்றே வைத்த தவறுகள். எழுதுபவருக்குக் காட்ட வைத்த மாதிரிகள். வெளியாகும் பக்கத்தில் சிவப்பாகத் தெரியும்; அம்மா பார்த்த மூலத்தில் நிறம் இல்லை. அம்மா அவற்றையும் சரியாக்கிவிட்டாள்.

சூர்யகலா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. எனக்கு போன் செய்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள் அவை.

"தவக்காலத்துல பொய் சொல்லக் கூடாது. நிரல் காட்டிச்சின்னு நான் சொல்ல மாட்டேன். நான் படிக்காம திருத்தனேன். இருபத்தாறு வருஷம் தப்ப தேடியே பழகிட்டேன். வேணும்னே வெச்ச தப்பு ஒண்ணு இருக்கும்னு தோணவே இல்ல."

பழைய பிரதி இருந்தது. ஒரு நிமிடத்தில் மீட்டுவிடலாம். ஆனால் மீட்டால் பிழை பதினொன்று. சுதாகர் கேட்டது பூஜ்யம். அந்தப் பாடத்தை மட்டும் சோதிக்காமல் விட நிரலில் ஒரு வரி போதும் என்றேன்.

"வேணாம். நாளைக்கு அதுல நெஜமாவே தப்பு வந்தா யாரு பாப்பா?"

சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி அழைத்தாள். புதிதாக ஒரு குறி வேண்டும் என்றாள். தவறான மாதிரிக்கென்றே தொடக்கமும் முடிவும் உள்ள குறி. அதற்குள் இருப்பதை நிரல் எண்ணக் கூடாது. ஸ்க்ரீன் ரீடர் அதைப் படிக்கும் முன் 'தவறான மாதிரி' என்று சொல்ல வேண்டும். "பாக்கறவங்களுக்கு நீங்க செவப்பு கலர் போட்டுட்டீங்க. கேக்கறவங்களுக்கு என்ன போட்டீங்க?"

இந்தத் துறையில் பன்னிரண்டு ஆண்டு இருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை.

அன்று மாலைக்குள் எழுதி அனுப்பினேன். நாற்பது வரி. ஞாயிறு பூசை முடிந்து வந்து அம்மா பதினொரு இடத்திலும் குறியைப் போட்டாள். சூர்யகலா இருபத்திரண்டாம் பாடத்தை முதலிலிருந்து ஓடவிட்டார். மாலை நான்கு இருபதுக்குப் பதிப்பு வெளியானது.

வியாழக்கிழமை, தேர்வு நாள், நான் விடுப்பு எடுத்து ஆரணியில் இருந்தேன். அம்மா காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தாள். இரண்டு மணிக்கு வேலூரிலிருந்து அழைப்பு.

"நல்லா செஞ்சிருக்கேன்க்கா."

"கையேட்ட எத்தினி தடவ தொறந்த?"

"ஒரு தடவகூட இல்லக்கா."

அம்மா என்னைப் பார்த்தாள். "ஏன், தொறக்க வரலியா?"

"எதுக்கு தொறக்கணும்? பதினெட்டு நாளா என்னைப் படிக்க வெச்சி உயிர எடுத்தீங்களே. எல்லாம் தலையில ஏறிடுச்சி."

"அப்ப நான் திருத்தனதெல்லாம்?"

"என்னாட்டம் இன்னும் நாலு பேரு வந்திருந்தாங்கக்கா. அவங்க தொறந்தாங்க. ஒருத்தரு வந்தவாசிக்காரரு, குப்புராஜ்னு பேரு. வெளிய வந்து சொன்னாரு, போன மாசம் இந்த புக்கு சரியில்லாம இருந்திச்சாம், இப்ப யாரோ உக்காந்து பாத்துக்கீறாங்களாம்."

"யாருன்னு சொன்னியா?"

"சொல்லாம வருவனா?"

அம்மா போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். எனக்கு இரண்டாம் முறை சோறு போட்டாள். கேட்கவில்லை, போட்டாள்.

ஏப்ரலில் சூர்யகலா வேலையில் சேர்ந்தார். குப்புராஜும் சேர்ந்தார். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் முன்னால் சூர்யகலாவும் அம்மாவும் மாறிய பக்கங்களை மட்டும் ஸ்பீக்கரில் படித்தார்கள். ஜூலையில் கடைசியாக.

அம்மாவை அடக்கம் செய்த பதினோராம் நாள் வேலைக்குத் திரும்பினேன். வேறு எதிலும் மனம் ஓடவில்லை. பதினைந்தாம் பாடத்தில் ஒரு பத்தியைப் புதுப்பித்து, ஒப்புதலுக்கு அனுப்பினேன். இப்போது அந்தப் பொறுப்பு சூர்யகலாவிடம் இருக்கிறது. அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ஆறுதல் வார்த்தை ஏதும் இல்லை.

"இரண்டாம் வரியில் விசைக் குறி இல்லை. திருப்பி அனுப்புகிறேன்."

குறியைப் போட்டேன். மறுபடி அனுப்பினேன்.