வெள்ளவத்தையில் அப்பாவுக்கு விழுந்த பேர்

காலை 5.50, கண்டி புகையிரத நிலையம். வந்திருந்தவர்கள் இரண்டு பேர், நானும் அப்பாவும். வராதவர்களும் இரண்டு பேர். என் மனைவி மலருக்கு இது எட்டாம் மாதம், கோச்சியில் குலுங்க வேண்டாமென்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா புசல்லாவைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். கடலைப் பார்ப்பதற்காக ஒரு பேரை விட முடியாது என்று முந்தைய வாரமே சொல்லியனுப்பிவிட்டார்.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தப் 'பேர்' விளங்காது. ஒரு நாள் வேலைக்குப் போனால், மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையின் செக்ரோலில், அதாவது வரவுப் பதிவேட்டில், பேர் விழும். முழு நாளுக்கு முழுப் பேர், நேரம் கெட்டால் அரைப் பேர். பேர் விழுந்தால்தான் சம்பளம். அன்றைய கணக்கில் ஒரு பேர் நூற்றொரு ரூபா. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அடுத்த மாதம் அறுபது முடிகிறது, அதோடு அவருக்குப் பேர் விழுவதும் நிற்கும். மிச்சமிருந்த பேர்களில் ஒன்றை எனக்காக விட்டுவிட்டு, புசல்லாவையில் முதல் பஸ் பிடித்து, ரொட்டியும் கட்டச் சம்பலுமாக வந்து இறங்கியிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். காப்புறுதிக் கம்பனியொன்றின் கண்டிக் கிளையில் இருந்தவனைத் தலைநகரில் கோட்டையில் உள்ள தலைமைக் காரியாலயத்துக்கு உயர்த்தியிருந்தார்கள். கடிதம் வந்த அன்றிலிருந்து வீட்டில் ஒரே கேள்விதான். கண்டியில் கட்டுக்கலையில் இருக்கும் எங்கள் வாடகை அறையிலேயே இருந்துகொண்டு தினமும் கோச்சியில் போய் வருவதா, அல்லது கடற்கரை ஓரம் வீடு எடுத்துக் குடிபோவதா? காரியாலய நண்பர் ஒருவர் வெள்ளவத்தையில் ஒரு பின்வீடு இருப்பதாகச் சொல்லியிருந்தார். மலர் கதவடியில் நின்று சொன்னது இவ்வளவுதான்:

"கடல் நல்லாத்தான் இருக்கும். அதைக் கேக்கல. புள்ள முழிச்சிருக்கிற நேரத்துல நீங்க வீட்டுல இருப்பீங்களா, அதை மட்டும் பார்த்துட்டு வாங்க."

காலை 6.15. நேரத்துக்குக் கிளம்பியது. டிக்கெட் ஆளுக்கு முப்பத்து நான்கு ரூபா. பேராதனைப் பாலத்தில் மகாவலியைத் தாண்டும்போது பெட்டி நிறைந்துவிட்டது. எதிரே உட்கார்ந்தவர் கட்டுகஸ்தோட்டைக்காரர், பெயர் ரஸீன். புறக்கோட்டையில் புடவைக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறவர். உட்கார்ந்த கையோடு தொப்பியை மடித்துப் பையில் வைத்து, ஜன்னல் சட்டத்தில் சிறு துண்டை விரித்துத் தலையைச் சாய்த்தார். அந்தத் துண்டு அந்தச் சட்டத்துக்கென்றே வெட்டியது போலிருந்தது.

"தினமும் போறீங்களா?" என்று கேட்டேன்.

"பதினொரு வருஷம் தம்பி. இந்தக் கோச்சிதான் எனக்கு ஊடு."

"பழகிருமா?"

"ஒடம்பு பழகும். ஊட்டாக்கள்தான் பழக மாட்டாங்க. நான் போற நேரம் எண்ட சின்ன மக தூக்கம், வாற நேரமும் தூக்கம். இப்ப அவ என்னய எப்பிடிக் கூப்புடுறா தெரியுமா? ஞாயித்துக்கெழம வாப்பா!" அவரே சிரித்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்களும் தினமும் போகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அப்பா சிரிக்கவில்லை. ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து அவருக்கும் ஒன்றை நீட்டினார்.

கடுகண்ணாவையில் மலை திடீரென்று விட்டுப்போய் ஜன்னலுக்கு வெளியே ஆகாயம் மட்டும் நிற்கும். கண்டியில் ஏறும் எந்தப் பயணியும் இங்கே ஒரு தடவை பேச்சை நிறுத்துவார். அப்பாவும் நிறுத்தினார். ஆனால் அவர் பார்த்தது பள்ளத்தை அல்ல, சரிவில் இருந்த சின்னத் தேயிலைத் துண்டு ஒன்றை. "கவ்வாத்து சரியில்ல," என்றார்.

வீடு பார்க்கப் போகிறோம் என்றதும் ரஸீன் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "வெள்ளவத்தைல ஊர் கேட்டா கண்டிண்டு மட்டும் செல்லுங்க. தோட்டம்டு செல்லிராதீங்க. சில பேரு ஊடு தர மாட்டாங்க."

"வெள்ளவத்தையும் ஒரு வத்ததானே?" என்றார் அப்பா. சிங்களத்தில் 'வத்த' என்றால் தோட்டம். "எங்க வத்தையை விட்டுட்டு இன்னொரு வத்தைக்குத்தானே போறோம்? சொன்னா என்னா?"

"அது மணல் தோட்டம், ஐயா. அங்க கொழுந்து முளைக்காது, வாடகதான் முளைக்கும்."

காலை 9.00. கோட்டை. பதினைந்து நிமிடத் தாமதம். கட்டுக்கலையிலிருந்து கண்டி நிலையத்துக்கு நடை கால் மணி, கோச்சி இரண்டே முக்கால் மணி நேரம், கோட்டையிலிருந்து சோதனைச்சாவடி தாண்டிக் காரியாலய வாசலுக்குக் கால் மணி. கூட்டிப் பார்த்தேன், மூன்றேகால் மணி நேரம். சாயங்காலமும் அதே அளவு. ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் எட்டேகாலுக்கு வீடு. எட்டேகாலுக்கு எந்தப் பிள்ளை முழித்திருக்கும்?

காரியாலயத்தை வெளியே நின்றுதான் பார்த்தோம். ஏழு மாடி. அப்பா தலையை நிமிர்த்தி மாடிகளை எண்ணி, "இதுல நீ எத்தனையாவது?" என்றார். "நாலாவது," என்றேன். அவர் திரும்பவும் கீழிருந்து நான்கு வரை எண்ணி, அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். காவலுக்கு நின்றவர் கையசைத்துப் போகச் சொன்ன பிறகுதான் நகர்ந்தோம்.

காலை 9.50. கரையோரக் கோச்சி. ஆளுக்கு நான்கு ரூபா. கொள்ளுப்பிட்டி வந்ததும் வலது பக்கம் முழுவதும் கடல். தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே கருங்கற்கள் மட்டும். அப்பா பிறந்து இன்றுதான் கடலைப் பார்க்கிறார். என்ன சொல்வாரோ என்று காத்திருந்தேன்.

"இவ்வளவு பெரிய எடத்துக்கு," என்றார், "ஒரு கணக்கப்புள்ளகூட இல்லையே!"

காலை 10.10. வெள்ளவத்தை. கோட்டையிலிருந்து இருபது நிமிடம். மனதுக்குள் அதைக் குறித்துக்கொண்டு சந்தோஷமாக இறங்கினேன். யுத்த காலம், நிலைய வாசலில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு சிப்பாய்கள். அடையாள அட்டை கேட்டார்கள்.

அப்பாவின் அட்டை பழையது. மூலைகள் தேய்ந்து, தேயிலைச் சாயம் ஏறி, படத்தில் அவருக்கு முப்பத்தைந்து வயது. விலாசம்: லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடு, தோட்டத்தின் பெயர், புசல்லாவை. சிப்பாய் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். என் அட்டை புதியது. இரண்டு மாதத்துக்கு முன்தான் தோட்ட விலாசத்தை எடுத்துவிட்டுக் கட்டுக்கலை வீட்டு இலக்கத்தைப் போட்டு வாங்கியிருந்தேன். வீட்டு இலக்கத்தோடு அடையாள அட்டை எடுத்தவர் எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாருமில்லை. சிப்பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏன் புதுசு, பழையது எங்கே, யாழ்ப்பாணத்தில் யாரும் இருக்கிறார்களா என்று சிங்களத்தில் கேட்டார். பதில் சொன்னேன். ஓரமாகக் கிடந்த மர வாங்கில் உட்காரச் சொன்னார். கண்டிக் கிளைக்குத் தொலைபேசியில் கேட்டு முடிக்கும்வரை முப்பத்தைந்து நிமிடம் அந்த வாங்கில் இருந்தேன். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்ச ரொட்டியைக் கொடுத்து, "சாப்புடு. பெரட்டுல நிக்கிற மாதிரி நெனச்சுக்க," என்றார். தோட்டத்தில் விடியக் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடம் பெரட்டு.

பயண நேரத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள் இந்த முப்பத்தைந்து நிமிடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோச்சி அட்டவணையில் இது இராது.

காலை 10.55. வீடு. நிலையத்திலிருந்து கடற்கரை ஒழுங்கையில் ஆறு நிமிட நடை. முன்வீட்டில் சொந்தக்காரர் நடராசா ஐயா, கச்சேரி என்கிற மாவட்ட அரச அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்தவர். பின்னால் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும். முன்கதவின் நிலையில் வெள்ளைப் பெயின்டுக்கு அடியில் கரி தெரிந்தது.

"எண்பத்து மூண்டுக் கலவரத்தில எரிஞ்சது," என்றார் அவர். "கதவு புதுசு, நிலை பழசு. மாத்த மனம் வரேல்ல."

"எங்க லயத்துலயும் கூரத் தகரம்தான் புதுசுங்க," என்றார் அப்பா. இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள்.

"இருங்கோ, கதிரையில இருங்கோ. தம்பிக்கு எந்த ஊர்?"

"கண்டி," என்றேன்.

"கண்டியில எவடம்?"

நான் கட்டுக்கலை என்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "புசல்லாவைங்க. தோட்டம். மூணு தலமொறயா அங்கதான்."

நடராசா ஐயா என்னைப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். ரஸீன் சொன்னது நடந்துவிட்டது.

"அட்டையிலயும் அப்பிடியே கிடக்கோ?" என்று கேட்டார்.

அப்பா எடுத்து நீட்டினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டு, லயம், தோட்டம் என்று ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். பிறகு என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்தார்.

"தம்பி குறை நினையாதையுங்கோ. போன ரெண்டு குடியும் எங்கட ஊர்ப் பிள்ளையள். கிழமைக்கு ஒருக்காப் பொலிஸ் வந்து கதவு தட்டும். உம்மட அட்டை புதுசு, அதுவும் கரைச்சல்தான். ஐயான்ர அட்டை போதும், தோட்டத்து விலாசமெண்டால் பொலிஸ் சந்தேகப்படாது. பொலிஸ் பதிவிலயும் வாடகைச் சீட்டிலயும் ஐயான்ர பேரைப் போடுவம். ஐயாவும் வந்து இருக்க வேணும், சம்மதமோ?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "என்னா சொல்றாரு? எனக்குப் பேரா? நான் இன்னைக்கு என்னா வேல செஞ்சேன்?"

நடராசா ஐயாவுக்குப் புரியவில்லை. செக்ரோல் கதையை நான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "ஐயா, இஞ்ச வேலை செய்யாமலே பேர் விழும்! அரைப் பேரில்லை, முழுப் பேர்!"

அப்பா சிரிக்கவில்லை. எழுந்து பின்வீட்டுக்குப் போனார். இரண்டு அறைகளையும் பார்த்தார். குசினித் தண்ணீர்க் குழாயைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்து மூடினார். வெளியே வந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "எங்க கையெழுத்து வைக்கணும்?" என்றார்.

எங்கள் தாத்தாவும் அப்பாவும் வாழ்ந்த அறை தோட்டத்துடையது. அதன் கதவில் இருந்தது அறையின் இலக்கம்தான், ஆளின் பெயர் அல்ல. வாடகைச் சீட்டின் மேல் வரியில் நடராசா ஐயா நீல மையில் 'கருப்பையா' என்று எழுதினார். அப்பாவுக்கு எழுத வரும், நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது சொல்லிக் கொடுத்தது. 'க'வை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டார்.

பிற்பகல் 1.20. வீட்டு வாசலிலிருந்து காரியாலய வாசல்வரை திரும்ப ஒரு தடவை அளந்து பார்த்தோம். இந்தத் தடவை வாடகைச் சீட்டும் அப்பாவும் என் பக்கத்தில். அதே சிப்பாய்தான் நின்றார். அப்பா கேட்பதற்கு முன்பே சீட்டை விரித்து, "மகே கெதர, மாத்தயா," என்றார். என்னுடைய வீடு, ஐயா. சிப்பாய் சிரித்துவிட்டார். கோட்டைச் சாவடியும் சேர்த்து நாற்பத்தாறு நிமிடம். ஒரு நாள் பிடித்து வைத்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அப்படிப் பார்த்தாலும் கண்டிக் கணக்கில் பாதி வராது. ஐந்து மணிக்கு முடிந்தால் ஆறு மணிக்கு வீடு. கெட்ட நாளில் ஆறரை. பிள்ளை முழித்திருக்கும்.

பிற்பகல் 3.35. திரும்பும் கோச்சி. ரம்புக்கனையில் மலை ஏறத் தொடங்கியதும் குளிர் காற்று வந்தது. இந்தக் காற்று அங்கே இராது. வெள்ளவத்தையில் கதவைத் திறந்தால் உப்பும் வெக்கையும்தான் உள்ளே வரும். கண்டியில் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா மலருக்குத் தினமும் கஞ்சி கொண்டுவருகிறார். அங்கே யார் கொண்டுவருவார்கள் என்று தெரியாது. இவற்றையெல்லாம் தராசின் மற்றத் தட்டில் வைத்துத்தான் பார்த்தேன். பிள்ளையின் தட்டு இறங்கியே நின்றது.

மாலை 6.35. கட்டுக்கலை. மலர் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். "ஆறு மணிக்கு வீட்டுல," என்றேன்.

"கடல்?"

"கணக்கப்புள்ள இல்லாத எடம்," என்றார் அப்பா. சீட்டை மடிப்பு விரித்து அவள் கையில் கொடுத்தார். மேல் வரியைப் படித்தவள், "மாமா, உங்க வீட்டுல எங்களுக்கு எடம் இருக்கா?" என்றாள்.

"வாடகை ஒழுங்கா கட்டினா இருக்கு."

கடைசி பஸ்ஸுக்கு முன் கணக்குப் பார்த்தோம். ஆறு மாத முற்பணம் பதினையாயிரம். கண்டிக் கோச்சி நூற்று முப்பத்தாறு, கரையோரக் கோச்சி பதினாறு, அப்பாவின் பஸ் போக வர இருபத்தாறு, தேத்தண்ணியும் பணிஸும் இருபத்திரண்டு. "பதினையாயிரத்து இருநூறு," என்றேன்.

"என் பேரை விட்டுட்டியே," என்றார் அப்பா. "இன்னைக்கு மலையில விழாத பேர். அதையும் போடு. மொய் மாதிரி ஒன்னுல முடியணும்."

போட்டேன். பதினையாயிரத்து முந்நூற்று ஒரு ரூபா.